இதர செலவு

நார்வேயிலிருந்து கேட்டிருக்கிறார்கள்:
இதர, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய்,
என்ன அது?
பில் இருக்கிறது. அனுப்புகிறேன்.
பில்லில் இல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டை போகிற சாலையில் நிலம்.
கிணறு எங்களுடையது,
கிணற்றுக்குப் போகும் வழி அடுத்தவருடையது.
அதற்கே ஆறு மாதம்:
தெலுங்கில் ஒரு மனு, தமிழில் ஒரு வசவு.

வரைபடம் அங்கிருந்து வந்தது.
ஒரு மீன்பிடி ஊரின் சின்னச் சபை,
கேக் விற்று, பின்னிய காலுறை விற்று
பதினோரு வருடம் சேர்த்த பணத்தோடு.
கூரை செங்குத்தாகச் சரிந்திருந்தது.
"பனி வழுக்கி விழுவதற்கு" என்றார் இங்கெபோர்க் அம்மா.
சொல்லிவிட்டு அவரே வானத்தைப் பார்த்தார்.
சித்திரை.
மேஸ்திரி முனிரத்தினம் சிரிக்கவில்லை.
மரியாதைக்கு ஒரு வாரம் விட்டு
தட்டையாகப் போட்டார்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
சிமெண்ட், ஜல்லி, கம்பி, சித்தாள் கூலி.
மூன்று மொழியில் எழுதுவேன்.
மூன்றிலும் மணல் விலை ஏறிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் அதுவரை மூடிப்போன அரிசி மில்லில் படுத்தார்கள்.
சூளையிலிருந்து வந்தவர்கள், ஏரிக்கரையிலிருந்து வந்தவர்கள்,
சூளூர்பேட்டை ரயிலடியிலிருந்து ஒருத்தி.
பேர் கேட்டால் சொல்வார்கள்.
ஊர் கேட்டால் கையால் ஒரு திசை.

பதினான்கு கதவு வந்தது.
பதினான்குக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.
வார்டன் சுவார்த்தம்மாவின் பட்டியலில்
அதற்கு நேரே 'பாதுகாப்பு' என்றிருந்தது.
நானும் படித்தேன். சரியாகத்தான் பட்டது.

பெஞ்சலம்மாவுக்குப் பத்து வயது, அல்லது பன்னிரண்டு.
இழைப்புச் சுருளை விரலில் மோதிரமாய்ச் சுற்றிக்கொண்டு
ஆசாரியைத்தான் கேட்டாள், எங்களை இல்லை:
"லோபல கடிய லேதா?"

உள்ளே தாழ்ப்பாள் இல்லையா என்கிறாள், என்றேன்.
ஏன் வேண்டுமாம், என்றார் இங்கெபோர்க் அம்மா.
அதையும் தெலுங்கில் சொன்னேன்.
பெஞ்சலம்மா சுருளைக் கழற்றினாள்.
திரும்ப மாட்டினாள்.
மொழிபெயர்க்க எதுவும் வரவில்லை.
இழைப்புளி நின்றிருந்தது.
இங்கெபோர்க் அம்மாவின் கழுத்து சிவந்தது,
பிறகு காது.

ஆசாரிதான் பேசினார்.
சுவரில் சபைக் காலண்டர், அதில் ஏசு
ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.
"ஒரு மாசமா பாக்கறேன்,
வரைஞ்சவனுக்கு வேலை தெரியல.
வெளியில பிடியே இல்ல பாருங்க."

வெளித்தாழைக் கழற்றி உள்ளே மாற்றலாமே என்றேன்.
மாட்டுத் தொழுவத்துக்கு ஆகும், என்றார்.
பிள்ளைக் கைக்குச் சின்னது வேணும்.
பெஞ்சலம்மாவைக் கதவோரம் நிறுத்தி
அவள் தோள் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு.
பழைய துளைகளை மரத்தூளும் வஜ்ஜிரமும் வைத்து அடைத்தார்.
ஒன்று எண்பத்தைந்து, பதினான்கு.
பட்ஜெட்டில் அதற்கு வரி இல்லை.

சுவார்த்தம்மா சண்டைக்கு வந்தார்:
உள்ளே ஒன்று மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு?
அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.
இன்னும் இருக்கிறது.

பிரதிஷ்டை, பிஷப், ரோஜா மாலை, பொங்கல்.
கல்வெட்டில் உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து தப்பு,
அதற்கு மன்னிக்கவும்.
அன்றிரவு ஜெனரேட்டர் அணைந்த பிறகு
ஒரே ஒரு கதவின் சத்தம்:
போட்டு, திறந்து, போட்டு,
திறந்து,
போட்டு.

காலையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.
இங்கெபோர்க் அம்மா வராந்தாவுக்குப் போனார்,
கை நேரே கதவைத் தள்ளப் போய், நின்று,
விரலை மடக்கித் தட்டியது.
உள்ளிருந்து தூக்கம் கலையாத குரல்:
"எவரு?"

நிலம் தேடியவர், பணம் சேர்த்தவர்,
கல்வெட்டில் மூன்றாவது வரியில் இருப்பவர்,
வெறுங்காலோடு நின்று
தன் பெயரைச் சொன்னார்.
சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.