நீரை நிறுத்திவைத்த நேரம்

சின்னக்கரை சுத்திகரிப்பு நிலையத்தில்
மூன்றாம் பம்புக்கு நேர்மேல் என் அறை.
மேசை அதிரும். டீ கிளாசில்
வளையம் வளையமாய் எழும்பும்
கீழே ஓடும் சாயத்தண்ணீரின் நாடி.

திரையில் ஒரு கால்வாய் வரைந்திருக்கிறேன்.
ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லை,
இரண்டு சவ்வுகள், நடுவே வலையின் இழைகள்.
இடமிருந்து வலமாக நீர்.
இழைக்குப் பின்னால், ஓட்டம் தயங்கும் மூலையில்,
எட்டே எட்டுக் கட்டங்களுக்குப் பச்சை கொடுத்தேன்.

உயிர்ப்படலம் என்பது அறிக்கையில்.
நிரலில் நான் வைத்த பெயர் பாசம்.
அது மாரப்பன் சொல்.
குழாயைக் கழற்றிக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்து
“பாசம் புடிச்சுப்போச்சுங்க அம்மிணி,
பிரஷர் ஏறுது” என்பார்.

கணக்கில் ஒரு தந்திரம் உண்டு.
நீர் ஒரு நொடியில் கடந்துவிடும்.
பாசம் தடிக்க ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும்.
இரண்டையும் ஒரே கடிகாரத்தில் பூட்டினால்
அடுத்த ஆடி வந்தாலும் என் கணினி முடிக்காது.
அதனால்
நீர் ஓடும்போது பாசத்தை உறையவைப்பேன்,
பாசம் வளரும்போது நீரை நிறுத்திவைப்பேன்.
ஒன்று அசைவதை மற்றது
ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
பகல் ஷிப்ட் அவன், இரவு ஷிப்ட் அவள்,
ஒருவர் எழுந்துபோன பாயின் சூட்டில்
மற்றவர் வந்து படுப்பதுபோல
வளைந்து கொடுத்துக்கொள்கின்றன.

வேகம் கூட்டினால் சவ்வோடு ஒண்டி இறுகுகிறது.
குறைத்தால் விரல் விரலாய் எழுகிறது, பசியில்.
நடுவே ஒரு வேகத்தில்
மூலையிலிருந்து வால் நீட்டி ஆடி ஆடி
அடுத்த இழையைத் தொட்டே விட்டது.
இரவு இரண்டு பத்து. தனியாகக் கைதட்டினேன்.

ஆனால் அழுத்தம் பொருந்தவில்லை.
என் கோடு சரிவாக ஏறுகிறது.
நிலையத்துப் பேரேட்டிலோ படிக்கட்டு:
சமதளம், ஒரு தாவல், மறுபடி சமதளம்.
ஒட்டும் பலத்தை மாற்றினேன். பசியை மாற்றினேன்.
மூன்று வாரம்.

மாரப்பனிடம் காட்டியது யோசித்து அல்ல,
படியில் எதிரே வந்தார், அவ்வளவுதான்.
ஈர விரலைத் தாவல் தாவலாய் வைத்தார்.
“திங்கக்கெழமை. திங்கக்கெழமை.
இதுவும் திங்கக்கெழமைதானுங்க.
சனிக்கெழமை சம்பளம் போட்டா
ஞாயித்துக்கெழமை பட்டறை லீவுங்களே.
தண்ணி வராது, மோட்டார நிறுத்திருவோம்.”
இந்தப் பெரிய தாவல்?
“அது தீபாவளிங்க. பத்து நாளு.”

என் கால்வாயில் ஞாயிறு இல்லை.
வாரச் சம்பளம் இல்லை,
பை நிறையப் பலகாரத்தோடு
தேனிக்கும் திருவாரூருக்கும் பஸ் ஏறுகிறவர் இல்லை.
ஓயாத நீரை எழுதிவிட்டு
உலகம் என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு வரி சேர்த்தேன். ஆறு நாள் ஓட்டம், ஒரு நாள் சும்மா.
நின்ற நீரில் தளதளவென்று எழுந்தது பாசம்,
இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாததால்
எதையும் இறுக்கிப் பிடிக்காமல்.
திங்கள் காலை பம்பு உதைத்ததும்
கொத்தாய்ப் பிய்ந்து அடுத்த வலையில் அடைத்தது.
கோட்டில் முதல் படி.

தீபாவளி மட்டும் இன்னும் பாதிதான் ஏறுகிறது.
மீதிப் பாதி என்னவென்று தெரியவில்லை.

இன்று சனி.
ஒன்பது மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு
மாரப்பன் வண்டியைக் கிளப்பும் சத்தம்.
மேசை அசையவில்லை.
ஆறிய டீயின் மேல் மெல்லிய ஆடை ஒன்று
விளிம்பிலிருந்து நடுவுக்கு வருகிறது.