மூன்றரை

தங்கச்சிமடத்தில் கரண்ட் போன மத்தியானம்.
ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்து
தொடையில் அட்டை வைத்து எழுதுகிறேன்.
கல்லூரி கேட்கிறது:
பரிமாற்றப் பருவத்தில் கற்றவை,
ஐந்து வரிகளுக்கு மிகாமல்.

என் பெயர் அங்கே டெருஃபின்.
'ல்' வராத ஊரில்
சகாய டெல்பின் ஐந்து மாதம்
கொஞ்சம் உருண்டுதான் போனாள்.

முதல் பனி விழுந்த காலையில்
எல்லாரும் படமெடுக்க ஓடினார்கள்.
நான் குனிந்து மோந்து பார்த்தேன்.
ஐஸ் என்றால் எனக்குப் பாம்பன் கம்பெனி வாசல்,
துருப்பிடித்த இரும்பும் சாளை ரத்தமும்.
ஹகோடாதே பனிக்கு ஒரு வாசனையும் இல்லை.
அது ஏமாற்றமா என்று
இன்னும் தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கடல் அட்டையைக் கீறி
உள்ளே ஐந்தாக ஓடும் தசையை வரைந்தேன்.
பேராசிரியர் நிஷிவாகி சிவப்புப் பேனாவில்
'நேர்த்தி' என்று எழுதினார்.
அன்று இரவு விருந்தில்
வினிகரில் நறுக்கி வந்தது அதே அட்டை.
அதைப் பிடித்ததற்குத்தான்
ரொசாரியோ சித்தப்பா
மாதாமாதம் ராமேசுவரத்துக்கு
வாய்தாவுக்குப் போகிறார்.
மென்றேன். நறுக்கென்று இருந்தது.
இரண்டாம் தடவையும் எடுத்துக்கொண்டேன்.
சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

தினமும் எனக்கு ஒன்பதரை, இங்கே ஆறு.
அம்மா ஃபோனில் வருவாள்.
'மூணரை கூட்டு' என்று
காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்.
அவள் முகம் மட்டும். பின்னால் நீலச் சுவர்.
"அப்பா எங்க?"
"கடலுக்கு."
திங்கள், புதன், சனி
எங்கள் போட்டுக்கு டோக்கன்.
ஒரு செவ்வாய்க்கிழமையும் "கடலுக்கு" என்றாள்.
மூன்று வகை எழுத்தை ஒரே நேரத்தில்
வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த நான்
அந்தச் செவ்வாயை வாசிக்கவில்லை.

நான் மட்டும் என்ன.
நாலாம் மாடி ஆடி
மேசையிலிருந்து ரைஸ் குக்கர் விழுந்த இரவில்
"என்ன சத்தம்டி?" என்றாள்.
"பக்கத்து ரூம்ல ஆட்டம்" என்றேன்.
பொய் என்று சொல்ல முடியாது.

அவரவர் கடலை வரையச் சொன்ன வகுப்பில்
நான் நடுவே ஒரு கோடு போட்டேன்.
"நீரோட்டமா?" என்றாள் பக்கத்திலிருந்த மாயு.
எல்லைக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று
அந்த வாரம்தான் படித்திருந்தேன்.
"ஆமா, நீரோட்டம்" என்றேன்.

மதுரை ஏர்போர்ட்டுக்கு அப்பா வந்திருந்தார்,
சட்டை மட்டும் பழைய அளவில்.
பஸ் பாம்பன் பாலத்தில் ஏறுகிறபோது
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:
"யாழ்ப்பாணத்துல முப்பத்தோரு நாள்.
சோறு பரவால்ல.
போட்டு மயிலிட்டியில கட்டிக் கெடக்கு.
ஒனக்குப் பரிச்ச இருந்துச்சுல்ல, அதான்."
கீழே தண்ணீர் இரண்டு நிறமாக ஓடியது.
"அங்க கடல் எப்படி?"

சொன்னேன்.
ராத்திரியில் கணவாய்ப் படகுகள்
விளக்கேற்றி வரிசையாக நிற்பதை,
ஊரில் பாதி எழுந்து
தண்ணீர்மேல் போய் நிற்பது போல இருப்பதை.
"விடிஞ்சா எல்லாம் கரைக்கு வந்துரும்ப்பா."
அக்காமடம் தாண்டும்வரை அவர் பேசவில்லை.
பிறகு கேட்டார்,
"எல்லாமேவா?"

கரண்ட் வந்துவிட்டது.
நாகூர்கனி அண்ணன் மிஷினைத் தட்டி எழுப்புகிறார்.
"எத்தன காப்பி தங்கச்சி?"
கடைசி வரி இன்னும் காலி.
'பனிக்கு வாசனை இல்லை' என்று எழுதி
அடித்துவிட்டு
'உணவு பழகிவிட்டது' என்று மாற்றினேன்.
ரெண்டு காப்பி.