இரண்டாவது பாலம்

கடிதத்தில் அத்துமீறல் என்றிருக்கிறது.
மலாய்ச் சொல்லை நான்தான் அப்படித் தமிழாக்கிக்கொண்டேன்.
காரணம் எழுத மூன்று கோடுகள் விட்டிருக்கிறார்கள்.

மூன்று கோட்டுக்குள் எதைச் சொல்ல?
ஈப்போவில் பசியாறிவிட்டுக் கிளம்பினோம்,
நானும் மச்சான் சகாயராஜும்.
மணிக்கணக்குக்கு வாடகை எடுத்த ஒற்றை எஞ்சின்,
கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்த வேண்டும்.

நிபோங் திபால் தாண்டியதும் புகைமூட்டம்.
எந்தத் தீவிலோ எவரோ கொளுத்திய காடு
அரிசி கழுவிய தண்ணீராய்க் கலங்கி நின்றது.
கடல் எது, சேறு எது, இறால் குளம் எது,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
பாலத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றிருந்தேன்.
தெற்கிலிருந்து வருகிறவனுக்கு முதலில் கிடைப்பது
இரண்டாவது பாலம்.
அதைத் தாண்டினால் இடக்கைப் பக்கம் ஓடுபாதை.

பாலம் வந்தது.
"வந்துட்டோம்" என்றேன்.

ஓடுபாதை வரவில்லை.

இருபத்தோரு வருடம்
மோட்டார் சைக்கிளில் தினம் இரண்டு தடவை
கடந்திருக்கிறேன் அந்த முதல் பாலத்தை.
எந்தத் தூணருகே காற்று தள்ளும்,
எந்த இணைப்பில் சக்கரம் டக்கென்று குதிக்கும்,
உடம்புக்குத் தெரியும்.
மேலிருந்து பார்த்தபோது
அது எந்தப் பாலமாகவும் இருக்கச் சம்மதித்தது.

இரண்டாவது, புகைக்கு அடியில்
எனக்குக் கீழே எப்போதோ போயிருந்தது.

சகாயராஜ்தான் முதலில் கேட்டான்,
கைப்பேசியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தபடி:
"மச்சான், இடப்பக்கம் பெரி போகுதே,
அங்க பாரு, போர் விமானமெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கான்.
உங்க ஏர்போர்ட்ல இதெல்லாம் உண்டா?"

அத்து என்றால் எல்லை.
தரையில் அதற்குச் சிவப்புப் பலகை உண்டு:
துப்பாக்கி நீட்டிய சிப்பாய்,
கை தூக்கிய ஆள்,
நான்கு மொழி, கடைசி வரியில் தமிழ்.
சின்ன வயதில் அந்தக் கை தூக்கிய ஆளுக்கு
மீசை வரைந்து ஓடியிருக்கிறேன்.
இன்றைக்கு அவன் நான்.
கையைத் தூக்கத்தான் முடியவில்லை,
இரண்டும் பிடியில் இருந்தன.

வானொலி இன்னும் ஈப்போப் பக்கத்து அலைவரிசையில் கிடந்தது.
திருகினேன்.
ஒரு பெண்குரல்,
கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிற பொறுமையோடு:
பெயர் தெரியாத விமானமே,
பட்டர்வொர்த்துக்குத் தெற்கே, ஆயிரத்து ஐந்நூறு அடி,
கேட்கிறதா?
பதினொரு நிமிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.
பெயரைச் சொன்னேன்.
ஒரு மூச்சளவு மௌனம்.
பிறகு, திட்டாமல்,
"இடப்பக்கம் திரும்புங்கள்."

திட்டியிருக்கலாம்.

இறங்கியபின் அதிகாரி ஒரு தாளை நீட்டினார்.
என் பாதை, பென்சில் கீறல் மாதிரி,
பிறைக்கு மேலே நேராக ஏறி,
கூச்சப்பட்டு வளைந்து திரும்புகிறது.
கோடு போன வழியில் ஓர் அடுக்குமாடி வரிசை.
மூன்றாவது கட்டடம், ஏழாவது மாடி.
அதைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

இரவு பெலிசித்தா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:
"காலையில எவனோ ஒரு பாவி
தலைக்கு மேலயே ஓட்டிட்டுப் போனான்.
ஜன்னல் கதவெல்லாம் நடுங்கிச்சு.
இவனுங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுக்கறது?"
சகாயராஜ் ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.
நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

அவள் தூங்கியபின் தாளை எடுத்தேன்.
புகைமூட்டம் என்று எழுதினேன். அடித்தேன்.
அலைவரிசை என்று எழுதினேன்.
அதுவும் காரணமில்லை.

சகாயராஜ் அனுப்பிய படம் கைப்பேசியில் இருக்கிறது.
மங்கலாகக் கடல், தூண்கள், ஒரு லாரி,
எறும்பாய் ஒரு மோட்டார் சைக்கிள்.
அந்த இடத்தில் என் குரல் வருகிறது,
ஒரு துளி சந்தேகமில்லாமல்,
வீட்டுக் கதவைத் திறக்கிறவன் குரலில்:

வந்துட்டோம்.