காற்றைப் பற்றிய வாரம்

வெள்ளை அட்டையில் வாசலின் தடவி
வீட்டு ஜன்னலில் மூன்று நாள் வைத்து
எடுத்துவரச் சொல்லியிருந்தேன்.

எர்ணாவூர் அட்டையில்
இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
லென்ஸை யாருக்கும் தராமல்
சுஹைலே எண்ணினான்.
மணலி அட்டையில் எண்ண வழியில்லை,
"சாம்பல் கலர்" என்று குறித்துக்கொண்டோம்.

பெனிட்டாவுடையது மட்டும் பளிச்சென்று.

"அம்மா தொடச்சிட்டாங்க மிஸ்.
தெனமும் தொடைப்பாங்க.
ஜன்னலு, டிவி, தண்ணிக் கொடம்,
தம்பி மூக்கு."

வகுப்பு சிரித்தது.
'கேள்வி கேட்டுக் கற்போம்' என்று
கேட்டில் பேனர் கட்டியிருக்கிறது பள்ளி.
என் பதிவேட்டில்
இந்த அட்டைக்குக் கட்டம் இல்லை.

சாக்பீஸை வாங்கி
அவளே பலகையில் எழுதினாள்,
றகரம் பிழையாக:

அம்மா ஒரு நாளைக்கி
எத்தன வாட்டி தொடைக்கிராங்க?

பிறகு திரும்பி,
"அந்தத் துணியக் கொண்டாரட்டா மிஸ்?"