மரளு

எலகங்காவுக்கு வடக்கே பள்ளிக்கூட மைதானத்தில்
கல்யாணத்துக்குப் போடுகிற அதே ஷாமியானா.
எடைமேடையில் சீட்டெழுதிக்கொண்டிருந்த என்னை
மேனேஜர் வரச்சொன்னார்:
"ரெண்டு பாஷையும் உனக்கு வரும்.
தமிழ் லைனுக்கு நீயே வாசிச்சுடு."

பதினேழு பக்கம் கன்னடம்.
கடைசிப் பக்கத்தில் ஈரம் காயாத வட்ட முத்திரை.

முதல் வரியிலேயே தடுக்கினேன்.
பரிசரத்தின் மீது பரிணாமம் என்றிருந்தது.
அவர்களுக்குப் பரிணாமம் என்றால் பாதிப்பு,
நமக்குக் குரங்கு மனிதனானது.
அப்படியே வாசித்துவிட்டேன் போல.
டிப்பர் ஓட்டும் அருளப்பன் பின்வரிசையிலிருந்து
"யாருண்ணே இங்க மாறுறது?" என்றான்.
ஷாமியானா முழுக்கச் சிரிப்பு.
அதிகாரியும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

பிறகு கவனமாகப் போனேன்.
காலை ஆறு முதல் மாலை ஆறு என்பது இனி
காலை ஆறு முதல் காலை ஆறு.
ஒரே சொல்தான் மாறியிருந்தது.
வாரத்துக்கு இரண்டு வெடி இனி ஐந்து.
தொண்ணூறு லாரி, இருநூற்று நாற்பது.
அவை பள்ளிக்கூட வாசல் வழியாக.
எம்-சாண்ட் கழுவ புது எந்திரம், அதற்கு
ஆயிரத்து நானூறு அடியில் இரண்டு போர்வெல்.
பதிலுக்கு,
நாளைக்கு மூன்று தடவை ரோட்டில் தண்ணீர் தெளிப்பார்கள்,
நாலு வரிசை புங்கமரம்,
வருடத்துக்கொரு கண் சிகிச்சை முகாம்.

கண்ணுக்கா என்று யாரும் கேட்கவில்லை.
இருமிக்கொண்டே கவனித்தார்கள்.

ராத்திரி ஷிப்டுக்கு நூற்றெண்பது ரூபாய் கூட
என்ற வரியில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.
நானும்தான்.
சீட்டுக்கு ஒன்றரை ரூபாய் எனக்கு.
இருநூற்று நாற்பதை ஒன்றரையால் பெருக்கி முடித்த பிறகே
அடுத்த வரிக்கு வந்தேன்.

சத்துணவு சமைக்கிற சௌடம்மா எழுந்து கன்னடத்தில் பேசினாள்:
அரிசியை நாலு தண்ணீரில் களைகிறேன்.
அப்படியும் பிள்ளைகள் மெல்லும்போது
சத்தம் கேட்கிறது.
அதைத் தமிழில் நான் சொல்லி முடிப்பதற்குள்
அதிகாரி எழுதிவிட்டார்:
தூசி. தண்ணீர் தெளிக்கப்படும்.

"ஆற்றில் கை வைக்கவில்லை, எல்லாம் கல்லிலிருந்து.
ஊருக்கு மரளு வேண்டுமல்லவா?" என்றார் கடைசியாக.

மரளு என்றால் மணல்.
அதே மரளு என்றால் திரும்பி வா.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை,
கேட்கவும் இல்லை யாரும்.
பதினோரு வருடமாக அந்தக் குன்றை
நிறுத்திருக்கிறேன்.
நிறுத்தியதில்லை.
எங்கோ பதினான்காம் மாடியில் இருக்கிறது இப்போது,
மேம்பாலத் தூண்களுக்குள் இருக்கிறது.
திரும்பி வருவது எப்போதும் காலி வண்டிதான்.
அதற்கும் ஒரு சீட்டு உண்டு.

பதினாறாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்:
ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலமாக,
முப்பது நாட்களுக்குள்.
அதை இரண்டு தடவை வாசித்தேன்.
மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு ஒரு நோட்டு சுற்றி வந்தது.
வருகைப் பதிவுக்கு என்றார்கள்.
கட்டைவிரல்களுக்குக் கீழே நானும் போட்டேன்:
வாசித்துக் காட்டினேன், புரிந்துகொண்டார்கள்.
இரண்டாவது பாதிக்கு நான் எப்படிப் பொறுப்பு
என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது.

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு
மேடையில் வண்டியை ஏற்றிவிட்டு
அருளப்பன் ஜன்னலில் தலையை நீட்டினான்.
"அந்த முப்பதுல ரெண்டு போயிருச்சாண்ணே?"
"போயிருச்சு."
"எதுல எழுதணும்?"
சீட்டின் பின்பக்கம் வெள்ளைதான்.
நாலைந்தைக் கிழித்துக் கொடுத்தேன்.
"எங்கேர்ந்து ஆரம்பிக்க?"
"முதல்ல தேதி போடு" என்றேன்.
பின்னால் ஹாரன்.
முப்பத்திரண்டு டன், நானூறு கிலோ.