எண்பதோடு நிறுத்து

காருக்கு முன்னால் வந்தது குழி.
யோகேந்திரன் ஹைட்ரேஞ்சியா புதருக்குப் பக்கத்தில்
கடப்பாரை போட்டு இடுப்பளவு தோண்டினார்.
கரி, கல்லுப்பு, ஒரு செம்புத் தகடு,
மேலே இரண்டு குடம் தண்ணீர்.
'எர்த் சரியில்லேன்னா இந்த வண்டி வாயே திறக்காதுங்க,
பட்டினி கிடந்தாலும் கிடக்கும்.'
நேர்த்திக்கடன் என்று நினைத்தோ என்னவோ
கீழ்வீட்டுப் பையன் ஒரு ரூபாய் போட்டான் உள்ளே.
மூடிவிட்டோம். அதுவும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்காரர் போஜராஜ் சம்மதித்தது
தனி மீட்டருக்கும் நாற்பது பக்க நோட்டுக்கும்தான்.
விடிந்தும் விடியாமலும் மப்ளர் சுற்றி வந்து
டார்ச் அடித்துப் பார்த்து எழுதுவார்:
11.3
9.8
12.1
பால் கணக்குப் போல.
புள்ளிக்குப் பின்னால் நிற்கும் எண்ணையும் விடமாட்டார்.
'இது குந்தாவிலிருந்து வர்ற தண்ணிக் கரண்டா,
நெய்வேலியில எரிச்ச கரிக் கரண்டா?'
கேட்டுவிட்டு அவரே சொன்னார்:
'பில்லுல ரெண்டும் ஒரே விலை.'

பழைய டீசல் வண்டி கட்டபெட்டு கேரட் வியாபாரிக்குப் போயிற்று.
ஜனவரி உறைபனியில் அது இருமி இருமி எழுந்தால்
தெருவுக்கே மணி ஆறேகால்.
இப்போது யாருக்கும் தெரியாமல் கிளம்புகிறேன்.
தேயிலைச் சரிவோரம் நிற்கும் காட்டெருமை
கடந்துபோன பிறகுதான் தலை தூக்குகிறது.
முதல் வாரம் எனக்கே சந்தேகம்,
வண்டி ஓடுகிறதா
மலை நகர்கிறதா என்று.

வாரம் மூன்று நாள் மேட்டுப்பாளையத்தில் வேலை.
இறுகிய தோள்கள், மாற்றிவைத்த முழங்கால்கள்,
பக்கவாதம் மடக்கிவிட்ட விரல்களை
ஒவ்வொன்றாய் விரித்துக் கொடுப்பது.
கோத்தகிரி தாண்டிக் காலை எடுத்தால் போதும்,
வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது.
திரையில் எண் ஏறுகிறது.
அறுபத்திரண்டோடு கிளம்பியவள்
அறுபத்தெட்டோடு சமவெளி சேர்ந்தேன்.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
அடுத்த முறை குஞ்சப்பனையில் நிறுத்தி
பலாச்சுளை விற்றவளிடம் சொன்னேன்.
'இறங்க இறங்க ஏறுதா?' என்றாள்.
'எங்க வீட்ல கடனும் அப்படித்தான்.'

திரும்பி ஏறும்போது வாங்கியதெல்லாம் போய்விடும்,
கூடவே இன்னும் முப்பது.
அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை.

ஒருநாள் பேராசையில் நூறுவரை ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.
முதல் வளைவிலேயே கைவிரித்தது கார்.
மலை தருகிறது,
வைத்துக்கொள்ள இடமில்லை.
பிரேக் காய்ந்த வாசனையோடு வீணாய்ப் போனது
அவ்வளவு பள்ளமும்.
அன்றிலிருந்து எண்பதோடு நிறுத்திவிடுகிறேன்.

நவம்பரில் கற்பூர மரம் ஒன்று கம்பிகளின் மேல் சாய்ந்தது.
இரண்டு ராத்திரி இருட்டு.
மூன்றாம் நாள் அந்தியில் கதவைத் தட்டினார் போஜராஜ்,
ஒரு கையில் குடை,
மறு கையில் சுருட்டிய ஒயரும் ஜங்ஷன் பாக்ஸும்.
'வானம் பூரா தண்ணி,
தொட்டியில சொட்டு இல்லை.'
காரின் வயிற்றிலிருந்து ஒயர் இழுத்து
மோட்டாரைப் போட்டோம்.
உறுமியது. நாலு மாதமாய் எங்கள் முற்றத்தில்
இப்படி ஒரு சத்தம் இல்லை.
'யூனிட் என்ன விலை?'
'உங்கள் விலைதான்.'
'இறக்கத்துல சும்மா கிடைச்சதுக்குமா?'
நான் பதில் சொல்லவில்லை.
மெழுகுவர்த்தியைச் சாய்த்துப் பிடித்து
நோட்டின் வலப்பக்கம் முதன்முறையாய்க் கோடு கிழித்து
0.6 என்று எழுதினார்.
பிறகு டீ போட்டேன்.
அபுதாபியிலிருக்கும் மகனைப் பற்றி,
அவன் அனுப்பும் பணத்தைப் பற்றியல்ல,
அவன் தூக்கத்தில் பேசுவதைப் பற்றிச் சொன்னார்.
கூரையில் மழை.
தொட்டி நிரம்பி வழிந்த சத்தம்
இருவருக்குமே கேட்கவில்லை.

காலையில் நோட்டைப் பார்த்தேன்.
0.6-ஐ அடித்துவிட்டு
1.1 என்று திருத்தியிருந்தார்.