ஆசியா, கொல்கத்தா

மறுபடியும் கேட்கிறது:
நீ எங்கே இருக்கிறாய்?
வரைபடத்தில் கடலோரமாக
எங்கே அம்பை வைத்தாலும்
பெட்டியில் விழுவது கொல்கத்தாதான்.
கொருக்குப்பேட்டைக்குப் புள்ளி இல்லை.
சரி என்று அமுக்குகிறேன்.
இந்த வருடத்தில் இது ஏழாவது தடவை
நான் கொல்கத்தாக்காரி ஆவது.

பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்.
இரண்டு ஜிபி ராம்.
மூடியில் முத்திரை தேய்ந்து
பாதிக் கோபுரம்.
பேட்டரி செத்து நாலு வருடம்,
ஒயர் நழுவினால் உயிர் போகும்.
விண்டோஸ் கண் விழிப்பதற்குள்
தண்ணீர் லாரிக்குப் போய்
ஏழு பேருக்குப் பின்னால் நின்று
ரெண்டு குடம் பிடித்துத் திரும்பியிருக்கிறேன்.
மிகையில்லை. மணி பார்த்தேன்.

அதனால்தான் உபுண்டு.
ஃபேன் சத்தம் கேட்டு
பக்கத்துப் போர்ஷன் ஜெசிந்தா
இந்நேரத்துக்கு இன்னாடி அரைக்கிற என்றாள்.
மிண்ட் அழகு.
ஆனால் இரண்டாவது டேப் திறந்தால்
முதல் டேப் மயங்கி விழும்.
பப்பி பறந்தது.
ராமிலேயே குடியிருந்து
அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்தது.
தப்பு என்னுடையது,
சேமிக்கவா என்று கேட்டிருந்தது.
இன்னொன்றில் வைஃபை இல்லை.
வைஃபைக்கு டிரைவர் வேண்டும்,
டிரைவரை இறக்க வைஃபை வேண்டும்.
எனக்கொன்றும் புதிதில்லை.
கேஸ் புத்தகத்துக்கு முகவரிச் சான்று கேட்டவர்கள்
முகவரிச் சான்றுக்கு கேஸ் புத்தகம் கேட்டார்கள்.

பென் டிரைவ் பர்மா பஜார் இம்தியாஸ் பாய் கடையில் வாங்கியது.
மேலே பதினாறு, உள்ளே நாலு.
அந்த நாலுக்குள் அடங்குவது மட்டும்
என் வீட்டுக்கு வரும்.

ஏற்றி முடித்ததும் வேறெதையும் பார்க்கமாட்டேன்.
எடிட்டரைத் திறந்து
கொருக்குப்பேட்டை என்று அடிப்பேன்.
ஐந்தாவதில் உடைந்தது.
க தனியே நிற்க,
கொம்பும் காலும்
ஆளில்லாத ஒரு புள்ளி வட்டத்தை
அணைத்துக்கொண்டிருந்தன.
இந்த டப்பாவுக்கு இவ்ளோ ஸ்பீடே ஜாஸ்தி, வுடு
என்றான் அண்ணன் ஏசுபாதம்.
வேகம் இருக்கிறது. எழுத்து?
நான் அடிப்பது மனு, பக்கம் முப்பது ரூபாய்.
கொசுத்தொல்லை என்று எழுதினால்
கொசு முழுசாகப் பறந்து
மண்டல அலுவலகம் வரை போகவேண்டும்.

ஆறாவதை ஏற்றும்போது
பார்ட்டிஷன் பக்கத்தில்
இரண்டுக்குப் பதில் மூன்றைத் தொட்டேன்.
அழிக்கட்டுமா என்றது.
தூக்கத்தில் கை சரி என்றது.
முப்பத்தொரு மனு.

விடிந்ததும் வாசல் வாசலாகப் போய்
இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.
கஸ்பர் அண்ணன் வீட்டுச் சாக்கடை
யாரும் வராமலே சரியாகியிருந்தது.
எலக்ட்ரீசியன் மதுரைமுத்துவுக்கு
என்ன குறை என்பதே மறந்துபோய்
என்னிடமே கேட்டார்.
விதவைப் பென்ஷனுக்காக ஷம்ஷாத் அக்கா
முதல் தடவை தேதி மட்டும் சொன்னவர்
இந்தத் தடவை மணியும் சொன்னார்:
மூணு பத்து,
மோட்டார் போட்டிருந்த நேரம்.
மனுவில் மணிக்கு இடம் இல்லை.
அடித்தேன்.

அந்த ஆறாவது நன்றாகத்தான் இருந்தது.
கொ சேர்ந்து நின்றது, ஃபேன் அடங்கியது.
அப்புறம் எதுக்கு ஏழு என்கிறாள் ஜெசிந்தா.
இது அதைவிட
இருபது எம்பி குறைவாகத் தின்னுமாம்.
சொன்னால் சிரிப்பாள்.
மனுக்களை மட்டும் இந்த முறை
போனில், பென் டிரைவில், ஏசுபாதம் மெயிலில்
மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

கேட் மூடுகிற மணி.
ஹவுரா வண்டி கடக்கிறது.
சுவர் அதிர, மேசை அதிர,
சார்ஜர் முள் நழுவி
எழுபத்தெட்டு சதவீதத்தில்
திரை இருட்டு.

ரப்பர் பேண்ட் தேடி
ஒயரை இறுக்கிக் கட்டுகிறேன்.
அந்த வண்டியில் இருப்பவர்களுக்குக் கொல்கத்தா
இன்னும் ஒரு பகல், ஒரு ராத்திரி.
எனக்கு,
பென் டிரைவ் மனசு வைத்தால்,
நாற்பது நிமிஷம்.